ஐந்தும் ஏழும் சேரும் நாள்

வினார்சியும் நானும் பல வருடம் அடுத்தடுத்த இடத்தில் கடை போட்டோம். நான் அப்பளக்காரி. அவள் புகையிலைக்காரி. நறுக்கிய புகையிலை, கிராம்புத் துருவல், சுருட்டிப் பிடிக்கச் சோள மட்டை, அவ்வளவுதான் அவள் சரக்கு. என் அப்பளத்தில் அவள் புகையிலை வாசனை ஏறிவிடுகிறது என்று ஆரம்பத்தில் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு எனக்கும் மூக்கு பழகிவிட்டது.

எங்களுக்கு விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. எங்கள் சந்தை வாரத்தில் மொத்தமே ஐந்து நாள். நாள்களின் பெயர் லெகி, பாஹிங், பொன், வாகே, க்ளிவோன். ஐந்து நாளுக்கும் ஐந்து ஊர். வாகேயன்று மலைமேல் புலுஹான், க்ளிவோனன்று கீழே வதுசாரி. ஐந்தும் முடிந்தால் மறுபடி லெகி. சாமான்களை ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு வியாபாரிகள் எல்லோரும் சுற்றிக்கொண்டே இருப்போம். பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கத்துக்கும் ஆலைக்கும் ஏழு நாள் வாரம். இரண்டு வாரமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டால் நாங்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வோம்: செவ்வாய் பாஹிங், வியாழன் லெகி என்று.

வதுசாரியில் ஒரு நூற்பாலை இருந்தது. தர்யோனோ அங்கே எந்திரம் பழுது பார்ப்பவர். ஐம்பதை நெருங்கியவர், மனைவி இல்லை, ஒரே மகள் கடல் தாண்டிக் கலிமந்தானில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆலைக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. மற்ற நாளில் அவர் வேலை முடிந்து வருவதற்குள் எங்கள் லாரி போயிருக்கும். ஆகவே வதுசாரிச் சந்தையில் அவர் கால் வைக்க வேண்டுமென்றால் அது ஞாயிறாகவும் இருக்க வேண்டும், க்ளிவோனாகவும் இருக்க வேண்டும்.

ஐந்தையும் ஏழையும் மிச்சமில்லாமல் வகுக்கிற எண் ஒன்றைத் தவிர வேறு இல்லை. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால் ஞாயிறும் க்ளிவோனும் ஒருமுறை சேர்ந்தால் மறுபடி சேர முப்பத்தைந்து நாள் ஆகும். ஞாயிறுக்கு அடுத்த க்ளிவோன் வெள்ளி. கல்லறைக்குப் பூ வாங்குகிற கூட்டம் வரும். அப்புறம் புதன், திங்கள், சனி, வியாழன், செவ்வாய். எல்லாக் கிழமையையும் தொட்டுவிட்டுத்தான் திரும்ப ஞாயிறுக்கு வரும். மீச்சிறு பொது மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்களாம். எங்களுக்கு அது பெயர் இல்லாமலே தெரியும். பிள்ளை பிறந்தால் முப்பத்தைந்தாம் நாள் முடியிறக்கிச் சோறு போடுகிறோமே, அதே கணக்குதான்.

அவர் முதல் தடவை வந்தபோது அரைக்கால் பொட்டலம் புகையிலை வாங்கினார். அடுத்த ஞாயிறு க்ளிவோனுக்கும் அதே. மூன்றாம் தடவை வினார்சி பொட்டலத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீங்க புகை பிடிக்கிறதில்லையே, பாக்?"

"யார் சொன்னா?" ஆலைச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம் அவருக்கு. அதனால் சந்தைக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"விரல் நுனி மஞ்சளா இல்ல. சட்டையில பஞ்சு வாசனைதான் வருது. பின்ன எதுக்கு வாங்குறீங்க?"

"சும்மா நின்னு பேசினா பக்கத்துக் கடை அக்கா முறைக்கிறாங்க."

"நான் எப்ப முறைச்சேன்? என் மூஞ்சியே அப்படித்தான்," என்றேன் நான்.

மூவரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவர் பொட்டலம் வாங்குவதை விட்டுவிட்டார். வினார்சி ஒரு கூடையைக் கவிழ்த்துப் போடுவாள். அவர் அதில் உட்கார்ந்து, கூட்டம் கலைகிற வரை பேசிக்கொண்டிருப்பார். ஐயா என்பது போலப் பாக் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஒரு வருடத்தில், நெருங்கியவர்களைக் கூப்பிடுவது போல மாஸ் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

வினார்சியின் புருஷன் கடல் தாண்டி லாம்புங்கில் நிலம் கிடைக்கும் என்று போனவன். நிலம் கிடைத்தது, இன்னொரு பெண்டாட்டியும் கிடைத்தாள். வினார்சிக்குப் பிள்ளை இல்லை. லெகிச் சந்தை ஊரில் சோயாவைப் புளிக்கவைத்துத் தெம்பே செய்கிற ஒருவர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். சாயங்காலம் லாரி அவளை இறக்கிவிடும்போது அந்த அறையில் விளக்கு எரியாது. நான் வீட்டுக்குப் போனால் என் பேரப்பிள்ளைகள் மிச்ச அப்பளத்துக்காகக் கூடையைப் பிடித்து இழுப்பார்கள். அவள் பூட்டைத் திறக்கிற சத்தம் லாரி கிளம்பிய பிறகும் எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கும்.

பேச ஆள் இல்லாதவள் பேச்சைச் சேர்த்துவைக்கப் பழகிக்கொண்டாள். லாரியில் போகும்போது திடீரென்று, "அக்கா, இதை அவர்கிட்ட சொல்லணும்," என்பாள். ஆட்டுக்குட்டி ஒன்று பள்ளிவாசல் படியில் ஏறித் தூங்கியது, பாஹிங் சந்தையில் பல் வைத்தியன் தப்பான பல்லைப் பிடுங்கி உதை வாங்கியது, எல்லாம். அவரும் அப்படித்தான் சேர்த்து வருவார். ஆனால் முப்பத்தைந்து நாள் என்பது நீளம். அவள் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போன பல், அவர் அடுத்த முறை கிராம்பெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தபோது வாயிலேயே இல்லை.

"வலிக்குதா இன்னும்?" என்றார், எண்ணெயை நீட்டிக்கொண்டே.

"பல்லே போயிடுச்சு, மாஸ். பிடுங்கி இருபது நாளாச்சு."

"இருபது நாளா! நான் தினமும் நினைச்சுக்கிட்டே இருந்தேனே, வலிக்குமேன்னு."

அவள் அந்த எண்ணெயை வாங்கி வைத்துக்கொண்டாள். எதற்குப் பூசினாளோ, தெரியாது.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து முதல் ஞாயிறு க்ளிவோன். வினார்சி புது ரவிக்கை போட்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதி நாங்கள் கேட்டதே இல்லை. சந்தையில் கூட்டமும் ஞாயிறுக் கூட்டமாக இல்லை. கவிழ்த்துப் போட்ட கூடையில் யாரோ ஒரு கிழவர் உட்கார வந்தார். "ஆள் இருக்கு," என்றாள் வினார்சி.

ஆலைக்காரன் ஒருவனின் மனைவி, சுலாஸ்திரி என்று பெயர், அப்பளம் வாங்க வந்தாள். அவளிடம் கேட்டேன்.

"தெரியாதா அக்கா? இனிமே ஆலைக்கு ஞாயிறே கிடையாது. எந்திரம் ஒரு நாளும் நிக்கக் கூடாதாம். ஆளுங்களை அஞ்சு கூட்டமாப் பிரிச்சிட்டாங்க. நாலு நாள் வேலை, அஞ்சாம் நாள் லீவு. தினம் ஒரு கூட்டத்துக்கு லீவு."

"உன் வீட்டுக்காரருக்கு என்னைக்கு?"

"க்ளிவோன். சந்தை நாளு! எல்லாரும் அதுக்குத்தான் அடிச்சுக்கிட்டாங்க. கடைசியில சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. முதலாளிங்க ஒண்ணு ரெண்டுன்னு நம்பர்தான் வச்சாங்க. ஆளுங்களே லெகி கூட்டம், க்ளிவோன் கூட்டம்னு பேர் வச்சுக்கிட்டாங்க."

வினார்சி புகையிலையைக் கிளறிக்கொண்டே, யாருக்கோ கேட்பது போலக் கேட்டாள். "எந்திரம் பழுது பார்க்கிற தர்யோனோவுக்கு?"

"அவரா? வாகே," என்றாள் சுலாஸ்திரி. "நேத்துதான் அவருக்கு லீவு."

திரும்பிப் போகும்போது லாரியில் வினார்சி வெகுநேரம் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே நகராது."

"என்னடி நகராது?"

"அவர் நாளும் என் நாளும். முன்னாடி அவருக்கு ஏழு, எனக்கு அஞ்சு. எவ்வளவு தள்ளிப் போனாலும் சுத்திச் சுத்தி ஒரு நாள் வந்து முட்டிடும். முட்டாம இருக்க முடியாது. இப்ப ரெண்டு பேருக்கும் அஞ்சு. ஒரே அளவுதான் அடி வைக்கிறோம். அவர் வாகே, நான் வதுசாரிக்கு வர்றது க்ளிவோன். ஒரு நாள் முன்னாடி போயிட்டார்னா எப்பவும் ஒரு நாள் முன்னாடிதான்."

எனக்கு உடனே புரியவில்லை. "அஞ்சும் அஞ்சும் பொருந்தினா நல்லதுதானே?"

"நம்ம புகையிலை வண்டியைப் பாருங்க. பத்து நாளைக்கு ஒரு தடவை வருது. பத்துலயும் அஞ்சு இருக்கு. வந்தா லெகிக்குத்தான் வரும். என்னைக்காவது பொன் சந்தைக்கு வந்து பார்த்திருக்கீங்களா? நூறு வருஷம் ஓடினாலும் வராது."

ஒட்டு உறவில்லாத எண்கள் என்றாவது ஒரு நாள் சேர்ந்துவிடும். உள்ளுக்குள் ஒரு எண்ணைப் பங்குபோட்டுக்கொண்ட எண்கள் ஆரம்பத்தில் தவறினால் தவறியதுதான். அவள் சொன்ன பிறகு எனக்கு அது நியாயமாகவே படவில்லை.

"சரி, அவர் வாகேக்குச் சும்மாதானே இருக்கார்?" என்றேன். "வாகேக்கு நாம புலுஹான்ல இருக்கோம். பஸ் இல்லையா? ஏறி வரட்டுமே. அஞ்சு நாளைக்கு ஒரு தடவை பாக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த யோசனை அவளுக்கும் முன்பே வந்திருக்கிறது என்று தெரிந்தது. "வருவாரா?" என்றாள்.

புலுஹான் சந்தை மலைச் சரிவில் இருந்தது. வதுசாரியிலிருந்து வருகிற பஸ் கீழ் வளைவில் நின்றுவிட்டு மூச்சு வாங்கி ஏறும். அடுத்த வாகேயன்று அந்த உறுமல் கேட்டதும் வினார்சியின் கை தராசிலேயே நின்றுவிட்டது. இறங்கியவர்களில் அவர் இல்லை. அதற்கடுத்த வாகேயும் இல்லை. அவரைக் கூப்பிட அவளுக்கு வழியும் இல்லை. இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டாள். இத்தனை வருடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் வா என்று சொன்னதே கிடையாது. நாள் சேர்ந்தது, பார்த்துக்கொண்டார்கள். கூப்பிடுகிற வெட்கத்தை இரண்டு எண்கள் ஏற்றுக்கொண்டிருந்தன.

மூன்றாம் வாகேயன்று வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மலைப் பஸ்ஸில் வந்து முகம் வெளிறியிருந்தது.

"வாந்தி வர்ற மாதிரி இருக்கு," என்று சந்தைக்கே கேட்கச் சொன்னார்.

வினார்சி ஓடிப்போய் இஞ்சித் தண்ணீர் வாங்கி வந்தாள். அன்றைக்கு இருவரும் பேசியதைப் பார்க்க வேண்டும். புதுக் கணக்குப்படி ஆலை எப்படி ஓடுகிறது, சீட்டில் எப்படி வாகே விழுந்தது, மாற்றிக் கேட்டு மேஸ்திரியிடம் எப்படித் திட்டு வாங்கினார், எல்லாம் வந்தது. நான் இரண்டு மடங்கு அப்பளம் விற்றேன். அவள் வாடிக்கைக்காரர்களையும் நானே கவனித்தேன்.

ஐந்து நாள் கழித்து மறுபடி வந்தார். பேசினார்கள். பத்து மணிக்கெல்லாம் பேச்சு நின்றுபோனது. "சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டாள். மூன்றாம் தடவை வந்தபோது அவர் கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து, தார்ப்பாயில் அச்சடித்திருந்த உர விளம்பரத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் மறுபடி மேலிருந்து வாசித்தார். வினார்சி ஏற்கெனவே சலித்த புகையிலையை மீண்டும் சலித்தாள். மத்தியான பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸிலேயே அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வரவில்லை.

வாகே வந்தது, போனது. பஸ் உறுமினால் நான்தான் நிமிர்ந்து பார்ப்பேன். அவள் பார்ப்பதை விட்டுவிட்டாள். லாரியில் எதையாவது பார்த்து, "இதை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வாள். முன்பு அவளுடைய முப்பத்தைந்து நாளுக்கும் ஒரு முனை இருந்தது. இப்போது நாள்கள் வெறுமனே வரிசையாக வந்தன. அவள் மெலிந்தாள். தெம்பேக்காரர் மனைவி கொடுத்தனுப்பிய சோற்றை என் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள்.

ஒரு க்ளிவோனன்று, வதுசாரிச் சந்தை கலைகிற நேரம், கூடையைக் கட்டி என்னிடம் தள்ளினாள்.

"இதை லாரியில ஏத்திடுங்க அக்கா. நான் வரல."

"எங்கடி போற?"

"கேட்டுட்டு வரேன்."

என்ன கேட்கப் போகிறாள் என்று நானும் கேட்கவில்லை. நடந்ததை மறுநாள் லெகிச் சந்தையில் அவளே சொன்னாள்.

ஆலைக்குப் பின்னால் ரயில் பாதையோரம் அவர் வீடு. வாசலில் மூங்கில் பெஞ்சு ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு மேல் சைக்கிளில் வந்தவர் அவளைக் கண்டதும் பிரேக் பிடிக்க மறந்து வேலியில் போய் மோதினார்.

"இன்னைக்கு ஞாயிறா?" என்றார் முதல் வார்த்தையாக.

"செவ்வாய். ஏன் வர்றதில்ல?"

"பஸ்..."

"பஸ் ஓடுது. அஞ்சு நாளைக்கு ஒரு தடவை நான் பார்க்கிறேன்."

அவர் உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் ஒரே ஒரு கண்ணாடிக் குவளைதான் இருந்தது. அதை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சோற்றுக் கிண்ணத்தில் தனக்கு ஊற்றிக்கொண்டார். ரயில் ஒன்று கடந்து போனது. பிறகு முதல்முறையாக அவர் மெதுவான குரலில் பேசினார்.

"வினார், என்கிட்ட அவ்வளவு இல்ல. காலையில ஆலை, சாயங்காலம் இந்தப் பெஞ்சு. மாசத்துக்கு ஒரு தடவைன்னா பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துடுவேன். நீங்க சிரிப்பீங்களேன்னு ஒவ்வொண்ணா எடுத்து வைப்பேன். அஞ்சு நாளைக்கு ஒரு தடவை வந்தா ரெண்டாவது தடவையே தீந்துடுது. உங்க மூஞ்சியைப் பார்த்தேன். இவ்வளவுதானா இந்த ஆளுன்னு நினைச்சீங்க."

"என்கிட்டயும்தான் தீந்துபோச்சு, மாஸ். நீங்க அந்த உர விளம்பரத்தைப் படிச்சீங்களே, என் பேச்சைவிட அது நல்லா இருக்கு போலன்னு நினைச்சேன்."

"ஐயோ, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். சர்க்கரை அதிகமாம். பிறகு கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை வாகே வருமில்ல?"

"ஆலையில இப்ப ஞாயிறே இல்லையே."

"உங்க ஆலையில இல்ல. உலகத்துல இருக்கு. ஞாயிறு வாகேக்கு மட்டும் வாங்க. நடுவுல வர்ற ஆறு வாகேக்கும் தூங்குங்க, துணி துவைங்க, வேலியைச் சரி பண்ணுங்க."

"மறுபடி முப்பத்தஞ்சா?"

"மறுபடி முப்பத்தஞ்சு."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். நிம்மதியில் சிரிக்கிற மாதிரி இருந்ததாம். அதுதான் அவளுக்குக் கொஞ்சம் வலித்தது என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்று நான் கத்தினேன். "அஞ்சு நாளைக்கு ஒரு தடவை வரக்கூடிய ஆளை வராதேன்னு சொல்லிட்டு வந்திருக்கியே! கல்யாணம் பண்ணிக்கடி, பேசாம கூட உட்காரலாம்."

"பேசாம உட்கார்றதுக்கு எங்களுக்குத் தெரியல அக்கா. ரெண்டு பேரும் தனியா இருந்தே பழகிட்டோம். ரொம்பக் கிட்ட வந்தா என்ன பண்றதுன்னு புரியல."

அடுத்த ஞாயிறு வாகேயன்று அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆரம்பித்துவிட்டார் வளைவிலிருந்தே: வேலியில் மைனா கூடு கட்டியதும், மேஸ்திரியின் பொய்ப்பல் நூல் எந்திரத்தில் விழுந்ததும். வினார்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மத்தியானம் வரை பேச்சு ஓயவில்லை. பிறகு பஸ் வந்தது.

ஆறு வருடம் அப்படியே போனது. ஆலைக்குத் தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வருகிற ஆறு வாகேயும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். வெயில் ஏறுகிற நேரம் சந்தை கொஞ்சம் அடங்கும். அப்போது அவள் கவிழ்த்துப் போடாத கூடையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்மலையைப் பார்த்தபடி தெம்பேயும் சோறும் தின்பாள். வா என்றால் வந்துவிடுவார். அவள் சொல்லவில்லை.

கடைசியில் அவருக்குக் கண் மங்கியது. நுணுக்கமான வேலை செய்ய முடியவில்லை. ஆலை அனுப்பிவிட்டது. மகள் கலிமந்தானிலிருந்து வந்து அழைத்துப் போகப் போவதாக ஒரு ஞாயிறு வாகேயன்று வந்து சொன்னார். எப்போதும் போலச் சத்தமாகத்தான் சொன்னார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்களும் வர்றீங்களா?" என்றார். அவர் அவளை வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வினார்சி தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அங்க சந்தை எப்படி?"

"வாரத்துக்கு ஒண்ணு. ஏழு நாளைக்கு ஒரு தடவை."

"அஞ்சு நாள் சந்தை இல்லையா?"

"அங்க யாரும் வாகே, க்ளிவோன்னு பார்க்கிறதில்லையாம்."

"அப்ப நான் என்ன பண்ணுவேன் அங்க?" என்றாள். அது பதிலா, கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போல. சட்டைப் பையிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. "அக்கா, வரேன்," என்று என்னிடம் சொன்னார். அவளிடம் தலையை மட்டும் அசைத்தார். பஸ் படியில் ஏறும்போது கைப்பிடியைத் தடவித் தேடினார். நடத்துநர் கைகொடுத்து ஏற்றிவிட்டான்.

அடுத்து வந்த வாடிக்கைக்காரருக்கு அவள் எடைக்கு மேல் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். அவர், "அதிகமா இருக்கே," என்றார். "இருக்கட்டும்," என்றாள்.

சாயங்காலம் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்து இருவர் தலைக்கும் மூடினேன். பாதி வழியில் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு என்ன நாள்?"

"க்ளிவோன்."

"அது தெரியும். ஏழுல?"

இத்தனை வருடத்தில் அவள் அதை யாரிடமும் கேட்டதில்லை. மற்றவர்கள்தான் அவளிடம் கேட்பார்கள்.

"திங்கள்," என்றேன்.

"ம்," என்றாள்.